மூல ஒலி இல்லாத கருவி: வால்வு ஆம்பும் உண்மை பற்றிய வினாவும்

ராக் இசை வாசிக்கும் கிட்டார் கலைஞர் ஒருவர் புதிய வால்வு ஆம்ப் ஒன்றை முதன்முறையாக வாசித்துப் பார்க்கும்போது எதை அறிகிறார், அந்த அறிவு சரியானது என்பதற்கு எது சான்று என்னும் வினா, கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் இடையில் முடிந்துபோகும் சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் கருவிக்கும் அதைக் கையாளும் மனிதருக்கும் உள்ள உறவு, குறை என்பதற்கும் குணம் என்பதற்கும் இடையே உள்ள எல்லை, புலனறிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற ஐயம் ஆகிய மெய்யியலின் பழைய சிக்கல்கள் பலவும் அந்த வினாவில் வந்து கூடுகின்றன. ஆம்ப் என்று வாசிப்பவர்கள் சுருக்கிச் சொல்லும் ஆம்ப்ளிஃபையர், கிட்டாரிலிருந்து வரும் மிகச் சிறிய மின்னலையைப் பெருக்கி ஸ்பீக்கரை இயக்கும் கருவியாகும். அந்தப் பெருக்கத்தை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு செய்யாமல், பழைய வானொலிப் பெட்டிகளின் உட்புறத்தில் செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டிருந்த வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு செய்வது வால்வு ஆம்ப் எனப்படுகிறது. 1904இல் ஆம்புரோஸ் ஃபிளெமிங் இரண்டு மின்வாய்கள் கொண்ட வால்வை உருவாக்கினார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவது மின்வாயாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். வானொலி, தொலைக்காட்சி, கணினி எனப் பெரும்பாலான துறைகளிலிருந்தும் டிரான்சிஸ்டரால் வெளியேற்றப்பட்ட பின்னும், கிட்டார் ஆம்பில் அந்தக் கண்ணாடிக் குழாய் இன்றும் புதிதாகச் செய்யப்பட்டுப் புதிதாகப் பொருத்தப்படுகிறது. இதைப் பழமை மீதான ஏக்கம் என்று தள்ளிவிடுவது எளிது. அப்படித் தள்ளிவிட்டால் இங்கே எழும் மெய்யியல் வினாவும் கூடவே தொலைந்துவிடும்.

வினாவைத் தெளிவாக எழுப்புவதற்குக் கருவியின் இயக்கத்தைச் சற்று அருகிலிருந்து பார்த்தாக வேண்டும். மின்கிட்டாரின் எஃகுத் தந்திகளுக்குக் கீழே, காந்தத்தின் மீது மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிச் செய்த பிக்கப் என்னும் பகுதி அமைந்திருக்கிறது. தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைந்து, கம்பிச் சுருளில் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்னலை பிறக்கிறது. இந்த அலை ஆம்பின் முதல் வால்வில், பெரும்பாலான ஆம்புகளில் 12ஏஎக்ஸ்7 என்ற வகை வால்வில், கம்பி வலையைச் சென்றடைகிறது. சூடேறிய எதிர்மின்வாயிலிருந்து புறப்படும் எலக்ட்ரான்கள், சில நூறு வோல்ட் அழுத்தத்தில் வைக்கப்பட்டுள்ள தகட்டை நோக்கிப் பாயும் வழியில் இந்த வலையைக் கடக்க வேண்டியிருப்பதால், வலையில் நேரும் சிறு மாற்றம் தகட்டில் பெரிய மாற்றமாக வெளிப்படுகிறது. இப்படிப் படிப்படியாகப் பெருக்கப்பட்ட அலை, ஈஎல்34 அல்லது 6எல்6 போன்ற பெரிய வெளியீட்டு வால்வுகளைக் கடந்து, ஒரு மின்மாற்றி வழியாக ஸ்பீக்கரை அடைகிறது. ஆனால் வால்வுக்கு எல்லை உண்டு. வரும் அலை மிகப் பெரிதானால், ஒரு பக்கம் எலக்ட்ரான் ஓட்டம் அறவே நின்றுவிடுகிறது. மறுபக்கம் அதற்குமேல் கூடுவதற்கு இடமில்லாமல் போகிறது. அலையின் முகடும் அகடும் மழுங்கித் தட்டையாகின்றன. பொறியியல் இதை ஒலிச்சிதைவு என்று பெயரிட்டுக் குறைகளின் பட்டியலில் வைக்கிறது. ராக் கிட்டாரோ ஏறத்தாழ முழுவதும் இந்தச் சிதைவின் மீதே எழுந்து நிற்கிறது.

சிதைவு என்ற கருத்து, சிதையாத ஒன்று முன்பே இருந்தது என்பதை ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறது. இசைத்தட்டைக் கேட்பதற்காகச் செய்யப்பட்ட ஆம்பைப் பொறுத்தவரை இந்த ஏற்பு நியாயமானது. ஒரு பாடகர் ஓர் அரங்கில் பாடினார், அது ஒலிப்பதிவானது, ஆம்ப் அதற்கு எவ்வளவு நெருக்கமாக ஒலிக்கிறது என்று அளக்கலாம். மின்கிட்டாருக்கு அத்தகைய மூலம் எங்கே இருக்கிறது? ஆம்பில் இணைக்கப்படாத மின்கிட்டாரின் மெலிந்த தந்தியோசையை அந்தக் கருவியின் ஒலி என்று எவரும் கொள்வதில்லை. பிக்கப் அந்த ஓசையைக் கேட்பதுமில்லை. அது காற்றின் அதிர்வை அறியாமல், தந்தியின் ஓரிடத்து அசைவை மட்டுமே உணர்கிறது. பிக்கப்பில் பிறக்கும் மின்னலைதான் மூலம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அந்த அலையைச் சிறிதும் மாற்றாமல், எல்லா அதிர்வெண்களையும் சமமாக ஒலிக்கும் ஸ்பீக்கரில் செலுத்தினால், உலர்ந்து கூர்ந்து காதை உறுத்தும் ஓசை ஒன்று வருமே தவிர, எந்த இசைத்தட்டிலும் எந்த மேடையிலும் மக்கள் கேட்டுப் பழகிய ராக் கிட்டார் வராது. கிட்டார் ஆம்புகளில் பொருத்தப்படும் 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகளைப் பெரும்பாலும் வெட்டிவிடுகிறது. அந்த வெட்டும் கருவியின் குரலில் ஒரு பகுதியே ஆகிறது. மரக் கிட்டாரின் மேற்பலகை தந்தியின் அதிர்வை மாற்றி வெளியிடுகிறது என்பதற்காக அப்பலகை தந்தியைச் சிதைக்கிறது என்று எவரும் குறைகூறுவதில்லை, ஏனெனில் அது கருவியின் உடல். ஆம்பும் ஸ்பீக்கரும் மின்கிட்டாருக்கு அத்தகைய உடல். ஆகவே, எதற்கு உண்மையாக இல்லை என்று கேட்டால் விடை கிடைக்காத ஓரிடத்தில், உண்மையின்மை என்ற குற்றச்சாட்டுக்கும் பொருள் இல்லாமல் போகிறது.

வரலாற்றில் இந்த உடல் தற்செயலாகவும் சேதத்தின் வழியாகவும் வெளிப்பட்டது என்பது கவனத்திற்குரியது. 1951இல் மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸின் ஒலிப்பதிவுக் கூடத்தில் "ராக்கெட் 88" பாடல் பதிவானபோது, கிட்டார் கலைஞர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப் வழியில் பழுதுபட்டிருந்தது. ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து அதன் கரகரப்போடே பதிவு செய்தார்கள். 1958இல் கிட்டார் கலைஞர் லிங்க் ரே அதே கரகரப்பை நாடித் தம் ஸ்பீக்கரின் கூம்புகளைத் துளைத்தார். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தம் ஸ்பீக்கர் கூம்பைச் சவர பிளேடால் கீறினார். இவர்கள் சேதப்படுத்தியது வால்வை அல்ல, ஸ்பீக்கரையே என்றாலும், காது ஒன்றைத் தேடத் தொடங்கிவிட்டது என்பதற்கும், அந்தத் தேட்டம் கருவி செய்வோரின் நோக்கத்துக்கு எதிர்த்திசையில் சென்றது என்பதற்கும் இவை போதிய சான்றுகள்.

காது அப்படித் தேடியது எதை என்பதற்கு, இரண்டே சுரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால் துல்லியமான விடை கிடைக்கிறது. ராக் கிட்டாரின் அடிப்படையான பவர் கார்ட் என்பது ஒரு சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் சேர்த்து மீட்டுவது. 110 ஹெர்ட்ஸில் ஸட்ஜம் என்றும் 165 ஹெர்ட்ஸில் பஞ்சமம் என்றும் கொள்வோம். எல்லைக்குள் சீராக இயங்கும் ஆம்பில் இவ்விரண்டு சுரங்களும் அவற்றுக்கு இயல்பாகவே உரிய மேற்சுரங்களும், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளாக அமையும் துணைச் சுரங்களும், மட்டுமே வெளிவரும். எல்லை மீறித் தூண்டப்பட்ட வால்வில் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று பாதித்து, அவற்றின் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் ஒத்த புதிய அதிர்வெண்களைப் பிறப்பிக்கின்றன. 165இலிருந்து 110 போக 55. அது கீழ் ஸ்தாயியின் ஸட்ஜம். 165உம் 110உம் சேர்ந்தால் 275. அது மேல் ஸ்தாயியின் அந்தர காந்தாரம். எந்த விரலும் தொடாத, எந்தத் தந்தியிலும் இல்லாத இவ்விரு சுரங்களும் ஆம்பிற்குள் பிறந்து அறையை நிரப்புகின்றன. மேலும் வியப்பானது, பன்னிரு சம இடைவெளிகளாக அமைக்கப்பட்ட கிட்டார் மெட்டுகளில் விரல் வைத்துப் பெறும் காந்தாரம் ஏறத்தாழ 277 ஹெர்ட்ஸ் என்று சற்றே கூடுதலாக நிற்க, வால்வு தானாகப் பிறப்பிக்கும் காந்தாரமோ இயற்கையான சுருதிக்கு மிக அருகில் அமைந்துவிடுகிறது என்பது. மாறாக, ஸட்ஜத்தையும் மெட்டில் கிடைக்கும் காந்தாரத்தையும் சேர்த்து அதே ஆம்பில் மீட்டினால், பிறக்கும் வேற்றுச் சுரம் 27.5 ஹெர்ட்ஸில் இல்லாமல் 28.6 ஹெர்ட்ஸில் வந்து எல்லாவற்றோடும் மோதிக் கலங்குகிறது. ராக் இசை பஞ்சமத்தைப் பற்றிக்கொண்டது ஏதோ ஒரு காலத்து நாகரிகத்தால் அல்ல, ஆம்பே கற்பித்த இலக்கணம் அது.

தம்புராவின் முன் அமர்ந்து பழகிய காதுக்கு இது அந்நியமாக இராது. தம்புராவில் மந்தர ஸட்ஜத் தந்தியை மீட்டும்போது மீட்டாத அந்தர காந்தாரம் தானே எழுந்து ஒலிப்பதை இசையாளர்கள் சுயம்பு காந்தாரம் என்று போற்றுகிறார்கள். அது நன்கு எழ வேண்டும் என்பதற்காகவே, வளைந்த குதிரைக்கும் தந்திக்கும் இடையில் ஜீவாளி என்னும் மெல்லிய நூலை நகர்த்தி நகர்த்தி வைக்கிறார்கள். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தை அசையாப் புள்ளியாகக் கொண்ட மேற்சுரம் ஒலிக்கக் கூடாது என்பது மேலை ஒலியியலில் நிலைபெற்ற விதி. வீணையிலும் தம்புராவிலும் அந்த மேற்சுரம் ஒலிக்கிறது, அதுவும் உரக்கவே ஒலிக்கிறது என்று 1921இல் சி.வி. ராமன் எழுதிக் காட்டினார். வளைந்த குதிரையின் மீது தந்தி படிந்தும் விலகியும் அதிர்வதே அதற்குக் காரணம். வால்வின் இயற்பியல் வேறு, குதிரையின் இயற்பியல் வேறு. ஆயினும் விதிப்படி அமைந்த இயக்கம் ஓரிடத்தில் தன் எல்லையைத் தொட்டு வளையும்போது இசைக்கு வேண்டிய சுரம் பிறக்கிறது என்ற ஒற்றுமை, இங்கே ஆராயும் வினாவுக்கு மிகவும் பொருந்துகிறது.

அப்படியானால் ஒரு புதிய ஆம்ப் நல்லதா என்று அறிய வல்லவர் யார்? பிளேட்டோ "குடியரசு" நூலின் பத்தாம் பகுதியில் இந்த வினாவைக் குழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்கிறார். குழல் வாசிப்பவருக்கே அக்குழலின் நன்மை தீமை பற்றிய அறிவு உண்டு. செய்பவர் வாசிப்பவர் சொல்வதைக் கேட்டு நம்பிச் செய்கிறார் என்பது அவர் முடிவு. லண்டனின் மேற்குப் புறத்தில் உள்ள ஹான்வெல்லில் 1960களின் தொடக்கத்தில் ஜிம் மார்ஷல் நடத்திய இசைக்கருவிக் கடை, இந்தக் கருத்தைச் சோதிப்பதற்கென்றே அமைந்தது போன்ற களம். மார்ஷல் டிரம்ஸ் கலைஞர், டிரம்ஸ் கற்பித்தவர். அவரிடம் வந்த இளைஞர்களோடு பீட் டவுன்ஷெண்ட், ரிச்சி பிளாக்மோர் போன்ற கிட்டார் கலைஞர்களும் வரத் தொடங்கி, தங்களுக்கு வேண்டிய ஒலி கடையில் உள்ள ஆம்புகளில் இல்லை என்றார்கள். கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோர் அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் மின்சுற்றை எடுத்துக்கொண்டு முன்மாதிரிகள் செய்தார்கள். வாசித்துக் கேட்பதும் மாற்றுவதுமாகச் சென்ற முயற்சியில் ஜேடிஎம்45 உருவானது.

இந்த இரண்டு ஆம்புகளின் மின்சுற்று வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்றின் படி மற்றொன்று என்றே தோன்றும். வேறுபாடுகள் சில: பாஸ்மேனின் முதல் வால்வு 12ஏஒய்7, மார்ஷல் ஆம்பில் அந்த இடத்தில் இருமடங்குக்கும் மேலான பெருக்குதிறன் கொண்ட, அமெரிக்கர் 12ஏஎக்ஸ்7 என்று அழைக்கும், ஈசிசி83. பாஸ்மேனில் பின்புறம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள். மார்ஷலில் முற்றிலும் மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலெஷன் ஸ்பீக்கர்கள். இங்கிலாந்தில் எளிதில் கிடைத்த மின்மாற்றியும் பிற உறுப்புகளும் மற்ற மாற்றங்களைக் கொண்டுவந்தன. பேஸ் கிட்டாருக்கென்று வடிவமைக்கப்பட்ட அமெரிக்க ஆம்பிலிருந்து இப்படிப் பிறந்தது, பின்னர் கடின ராக் என்ற முழு இசைவகைக்கும் குரலானது. பிளேட்டோவின் கருத்து இங்கே பாதிதான் பொருந்துகிறது. செய்பவர் வாசிப்பவரைக் கேட்டார் என்பது உண்மை. ஆனால் வாசித்தவர்கள் தமக்கு வேண்டியதை முன்பே அறிந்திருந்தார்கள் என்பது உண்மையல்ல. இன்னும் உரக்க, இன்னும் அடர்த்தியாக என்பதற்குமேல் அவர்களால் சொல்ல முடிந்திருக்காது, ஏனெனில் அவர்கள் கேட்ட ஒலி அதுவரை உலகில் இல்லை. அந்த ஒலி தோன்றிய பிறகே அது தாம் தேடியது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அளவுகோலை முன்னதாகக் கையில் வைத்துக்கொண்டு பொருளை அளப்பது ஒருவகை அறிவு. பொருளைத் தொட்டுப் பழகுகையில் அளவுகோலும் உடன் பிறப்பது வேறொரு வகை அறிவு; ஆம்பை வாசித்துப் பார்ப்பது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இந்த இரண்டாம் வகை அறிவு உடலில் நிகழ்வது என்பதை மெய்யியலாளர் மெர்லோ-போந்தி 1945இல் வெளியான "புலனுணர்வின் நிகழ்வியல்" நூலில் ஓர் ஆர்கன் இசைக்கலைஞரைக் கொண்டு விளக்குகிறார். விசைவரிசைகளின் எண்ணிக்கையும் ஒலித்தேர்வுக் குமிழ்களின் இடமும் மாறுபட்ட, தாம் அறியாத ஓர் ஆர்கனில் அந்தக் கலைஞர் சிறிது நேரமே பழகியதும் கச்சேரிக்கு ஆயத்தமாகிவிடுகிறார். அவர் விசைகளின் இருப்பிடங்களை மனப்பாடம் செய்வதில்லை, தம் உடலை அந்தக் கருவிக்குள் குடியமர்த்துகிறார் என்பது மெர்லோ-போந்தியின் விளக்கம். புதிய ஆம்பின் முன் நடப்பதும் இதுவே. அனுபவம் மிக்கவர்கள் புதிய ஆம்பில் பெரிய பாடல் எதையும் உடனே வாசிப்பதில்லை என்பதைக் கவனித்தால் விளங்கும். ஒரே கார்டை மென்மையாக மீட்டுவார்கள், பிறகு அதையே வன்மையாக மீட்டுவார்கள். கிட்டாரின் வால்யூம் திருகியைப் பத்திலிருந்து ஆறுக்குக் குறைத்து மீண்டும் அதே கார்டு. ஒரு தனிச் சுரத்தை நீட்டிப் பிடித்து அது எப்படித் தேய்கிறது என்று கேட்பார்கள். நல்ல வால்வு ஆம்பில், மென்மையாக மீட்டியபோது தெளிந்து ஒலித்த கார்டு, கை அழுந்தியதும் உறுமத் தொடங்குகிறது. வால்யூமைக் குறைத்ததும் உறுமல் அடங்கித் தந்திகள் தனித்தனியே கேட்கின்றன. தெளிவுக்கும் சிதைவுக்கும் இடையிலான எல்லை ஓர் இடைவெளியாக அகன்று, அந்த இடைவெளி முழுவதும் விரலின் அழுத்தத்துக்கு வசப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மாறுதிசை மின்சாரத்தை ஒருதிசை மின்சாரமாக மாற்றும் வேலைக்கும் வால்வையே பயன்படுத்தும் ஆம்புகளில், ஜேடிஎம்45 அத்தகையது, வன்மையான மீட்டலுக்கு வெளியீட்டு வால்வுகள் திடீரென மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் கணநேரம் தாழ்ந்து மீள்கிறது. அதனால் சுரத்தின் தொடக்கம் சற்று அமுங்கி, பின் மெல்லப் பெருகி விரிகிறது. வாசிப்பவர்கள் இதை ஸாக் என்கிறார்கள். இது காதில் கேட்பதைவிடக் கையில் உணரப்படுவது அதிகம். தந்தி தன்னைத் திருப்பித் தள்ளுவதுபோலவும், விரலுக்கு அடியில் ஏதோ நெகிழ்ந்து கொடுப்பதுபோலவும் அவர்கள் விவரிப்பது வெறும் கற்பனை அல்ல, மின்னழுத்தமானியில் காணக்கூடிய நிகழ்ச்சிக்கு உடல் தரும் சாட்சியம். இந்த இடத்தில்தான், மூலம் இல்லாத காரணத்தால் பொருளற்றுப் போனதாகக் கண்ட உண்மை என்ற கருத்து வேறொரு வடிவில் திரும்பி வருகிறது. ஆம்ப் மின்னலைக்கு உண்மையாக இல்லாமல் இருக்கலாம். வாசிப்பவரின் கைக்கு அது உண்மையாக இருக்கிறதா என்று கேட்க முடியும். கையின் சிறு மாற்றத்தையும் மறைக்காமல் ஒலியின் மாற்றமாக வெளிப்படுத்துவது, கை செய்யாத மாற்றத்தைத் தன் விருப்பம்போல் புகுத்தாமல் இருப்பது ஆகிய இரண்டுமே கருவியின் நேர்மை. எப்படி மீட்டினாலும் ஒரே அடர்த்தியில் ஒரே அளவில் உறுமும் ஆம்ப், எவ்வளவு கவர்ச்சியாக ஒலித்தாலும், இந்த அளவையால் பொய்யான கருவியே.

கையும் காதும் தரும் சாட்சியம் பிழைபடாதா? பிழைபடும், அதுவும் ஒழுங்குமுறையாகப் பிழைபடும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் காட்டியபடி, ஒலி தாழ்ந்திருக்கும்போது மனிதக் காது கீழ்ச்சுரங்களையும் மிக மேலுள்ள சுரங்களையும் குறைவாகவே கேட்கிறது. ஒலி உயர உயர அவை நிறைந்து கேட்கின்றன. ஆகவே இரண்டு ஆம்புகளை ஒப்பிடும்போது சற்றே உரக்க ஒலிப்பது முழுமையானதாகவும் உயிர்ப்பு மிக்கதாகவும் தோன்றிவிடுகிறது. 100 வாட் ஆம்ப் 50 வாட் ஆம்பைவிட 3 டெசிபெல் மட்டுமே கூடுதல். காதுக்கு இருமடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். இருந்தும் அந்தச் சிறு வேறுபாடு, இது உரக்க ஒலிக்கிறது என்ற உணர்வாக வராமல், இது தரமானது என்ற உணர்வாக மாறுவேடத்தில் வருகிறது.

அறிவின் செம்மை பற்றி இந்திய மெய்யியலில் மீமாம்சகர்களுக்கும், நியாய மரபினரான நையாயிகர்களுக்கும் நடந்த நீண்ட விவாதம் இங்கே கைகொடுக்கிறது. ஓர் அறிவு தோன்றும்போதே தன் செம்மையையும் தாங்கி வருகிறது, அதைப் பொய்ப்பிக்கும் வேறு அறிவு வரும்வரை அது மெய்யே என்பது மீமாம்சகர் நிலை. அறிவின் செம்மை அதற்கு வெளியே, அதை நம்பிச் செய்த செயல் பயன் தந்ததா என்பதால் நிறுவப்பட வேண்டும் என்பது நியாயத்தின் நிலை. வாத்ஸ்யாயனர் நியாய சூத்திர உரையின் தொடக்கத்திலேயே இதை வைக்கிறார். தொலைவில் தெரிவது நீரா கானலா என்பது அங்கே சென்று அள்ளிக் குடிக்கும்போதுதான் முடிவாகும். ஆம்பின் முன் முதல் கார்டில் எழும் பரவசம் மீமாம்சகர் சொல்லும் வகையில் தன்னைத் தானே மெய்யென்று அறிவித்துக்கொள்கிறது. அந்த அறிவிப்பை நம்பி வாங்கியவர்களில் பலர் கானலைக் கண்டவர்கள். ஒப்பிடும் ஆம்புகளின் ஒலியளவைச் சமப்படுத்திக்கொள்வது, மேடையில் வாசிக்கப்போகும் அளவிலேயே வாசித்துப் பார்ப்பது, வால்வுகள் நன்கு சூடேறிய பிறகும் ஒலி மாறாமல் நிற்கிறதா என்று கவனிப்பது ஆகியவை நியாயம் காட்டும் வழி. இந்த விஷயத்தில் நையாயிகர் பக்கமே வலுவானது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

வால்வின் மீது வளர்ந்துள்ள பக்தியையும் இதே வழியில் சோதிக்க வேண்டும். வால்வு இரட்டைப்படை மேற்சுரங்களையும் டிரான்சிஸ்டர் ஒற்றைப்படை மேற்சுரங்களையும் தருகிறது, அதனால் முன்னது இனியது என்று பரவலாகச் சொல்லப்படுவது அரை உண்மை. முதல்நிலை வால்வுகளில் முகடும் அகடும் சமமின்றி மழுங்குவதால் இரட்டைப்படை மேற்சுரங்கள் பிறப்பது சரிதான். ஆனால் பெரிய ராக் ஆம்புகளின் வெளியீட்டு நிலையில் வால்வுகள் இரண்டிரண்டாக எதிரெதிர்த் திசையில் இயங்குவதால், அங்கே பிறக்கும் இரட்டைப்படை மேற்சுரங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ரஸ்ஸல் ஹாம் 1973இல் ஒலிப்பொறியியல் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரையும், எல்லைக்குள் இயங்கும்போது அல்ல, எல்லை மீறித் தூண்டப்படும்போதே வால்வும் டிரான்சிஸ்டரும் காதுக்குத் தெளிவாக வேறுபடுகின்றன என்று வாதிட்டது. வால்வின் பெருமை கண்ணாடியிலோ கனலிலோ இல்லை. எல்லையை அணுகுகையில் அது வளையும் விதத்தில் இருக்கிறது. அந்த வளைவை வேறொரு பொருள் அதே நுட்பத்தோடு தந்தால், அதைப் போலி என்று ஒதுக்குவதற்கு மெய்யியலில் காரணம் எதுவும் இல்லை.

1998இல் வந்த லைன் 6 பாட் முதல் இன்று வரை, வால்வு ஆம்பின் நடத்தையைக் கணக்கீட்டால் ஆக்கித் தரும் மின்னணுக் கருவிகள் இந்தத் திசையில்தான் முன்னேறுகின்றன. அவற்றின் மெய்யியல் நிலை வால்வு ஆம்பினதற்கு நேர்மாறானது. வால்வு ஆம்புக்கு மூலம் இல்லை. அதை நகல்செய்யும் கருவிக்கு மூலம் உண்டு, அந்த மூலம் வால்வு ஆம்பே. ஒருகாலத்தில் குறை என்று கருதப்பட்டது இன்று எவ்வளவு துல்லியமாக மீட்டுருவாக்கப்பட்டது என்று அளக்கப்படும் அளவுகோலாகிவிட்டது. 1966இல் ஜான் மேயாலின் குழுவோடு லண்டனின் டெக்கா கூடத்தில் பதிவு செய்தபோது, எரிக் கிளாப்டன் தம் மார்ஷல் ஆம்பின் ஒலியைக் குறைக்க மறுத்து மேடையில் வாசிக்கும் அளவிலேயே வாசித்தார். அன்று ஒலிப்பொறியாளருக்குத் தொல்லையாக இருந்த அந்த முழக்கம்தான் இன்று நகல்கருவிகளின் நினைவகத்தில் மாதிரியாக வைத்துக் காக்கப்படும் ஒலிகளில் ஒன்று. நகல் எவ்வளவு நெருங்கினாலும் அதன் சோதனை இரண்டாகப் பிரிகிறது: மூலத்தைப் போல் ஒலிக்கிறதா என்பது ஒன்று, கைக்கு உண்மையாக இருக்கிறதா என்பது மற்றொன்று. முதல் சோதனையில் வென்று இரண்டாவதில் தோற்கும் கருவிகள் உண்டு. மீட்டலுக்கும் ஒலிக்கும் இடையே நுழையும் மில்லிவினாடித் தாமதமே சிலருடைய கைக்கு அந்தப் பிணைப்பை அறுத்துவிடுகிறது.

கைக்கு உண்மை என்ற இந்த அளவையும் முழுமையானது அல்ல. காரணம், வாசிப்பவர் நிற்கும் இடம். ஸ்பீக்கர் பெட்டி தரையில், பெரும்பாலும் அவர் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. 12 அங்குல ஸ்பீக்கர் மேற்சுரங்களை நேர்முன்னே ஒரு கற்றையாகச் செலுத்துவதால் அவை அவர் கால்களைக் கடந்து அவையோரைச் சென்றடைகின்றன. அவர் காதுக்கு எட்டுவது கூர்மை குறைந்த, வட்டமான ஒலி. அவர் மேலும் கூர்மை சேர்த்துத் திருகியைத் திருப்பும்போது, முன்வரிசையில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்கிறார். தனியறையில் கீழ்ச்சுரங்கள் செழித்து, நடுச்சுரங்கள் உள்வாங்கிய அமைப்பு மிக இனிதாக ஒலிக்கும். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்ததும், கீழே பேஸும் மேலே சிம்பலும் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ள, கிட்டார் கேட்காமலே போய்விடும். வாசித்துக்கொண்டே இருப்பவரால் இதைக் கேட்க இயலாது. அவர் கிட்டாரை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அறையின் மறுகோடிக்குச் சென்று கேட்டால் ஒலி தெரியும், ஆனால் கையின் உணர்வு அவரிடமிருந்து விலகிவிடும். கை அறிவதும் எதிரே நிற்கும் காது அறிவதும் ஒரே நேரத்தில் ஒருவரிடம் சேர்வதில்லை. இங்கே நியாயம் ஏற்கும் மற்றொரு அளவையான ஆப்தரின் சொல், அதாவது அறிந்தவரும் பொய் கூறாதவருமான ஒருவரின் வாக்கு, தேவையாகிறது.  புதிய ஆம்பைத் தேடிச் செல்பவர்கள் தம் குழுவிலிருந்து ஒருவரை உடனழைத்துச் செல்வது வழக்கமாக இருக்கிறது. நடுச்சுரத் திருகியை எங்கே நிறுத்துவது என்பதைப் பெரும்பாலும் வாசிப்பவரைவிட, கதவருகே நின்று கேட்கும் அந்த டிரம்ஸ் கலைஞரோ பேஸ் கலைஞரோதான் சொல்கிறார்.